தேசிகா வெச்சிருந்த சத்தம்

சத்தம் நின்ன அன்னிக்கு வியாழக்கெழமை. வெடியால பத்து மணி இருக்கும். எங்க கிணத்தடிச் சந்துல மொத்தம் நூத்திப் பன்னெண்டு விசைத்தறிங்க, அத்தனையும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, மோட்டார் பெல்ட்டு சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு, நாடாக் கட்டை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு, கட்டங்கட்டமா கைலித் துணி எறங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு, சத்தம் மட்டும் இல்ல. தறிச் சத்தம்னு ஒரு பொட்டு இல்ல. வேப்பமரத்துல ஒரு அணில் கத்துனது எனக்குக் கேட்டுச்சு. எங்க சந்து வேப்பமரத்துல அணில் இருக்குதுங்கறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

நான் ருக்குமணி. தார் சுத்தறவ. தறியில குறுக்க ஓடற நூலை ஒரு குச்சியில சுத்தி நாடாவுக்குள்ள போட்டுக் குடுக்கோணும், அந்தக் குச்சி நூலுக்குப் பேருதான் தாரு, இருவத்தி ரெண்டு வருசமா எனக்கு அதுதான் பொழப்பு. ஒண்ணு சொல்லிப் போடறேன், நான் எதையும் சட்டுன்னு நம்பறவ இல்ல. பால்காரன் பாலுன்னு சொன்னா மோந்து பாத்துட்டுத்தான் சொம்பை நீட்டுவேன். கோயில்ல பூசாரி திருநீறு குடுத்தாக்கூட ரெண்டு வெரல்ல தேச்சுப் பாத்துட்டுத்தான் பூசுவேன். அதனால நான் சொல்றதை நீங்க நம்பலாம்.

எங்க சந்துல பொறந்தவங்களுக்கு மெதுவாப் பேசத் தெரியாது. தறிச் சத்தத்துக்கு மேல கத்தித்தான் கொழம்புக்கு உப்புப் போட்டாச்சான்னு கேப்போம், கத்தித்தான் கொஞ்சுவோம், கத்தித்தான் ரகசியமும் பேசுவோம். தறி ஓடறப்ப காதுக்கிட்டப் போயி கத்துனா அந்தக் காதுக்கு மட்டுந்தான் கேக்கும், அடுத்த காதுக்குக் கேக்காது. பூட்டி வெச்ச பொட்டி மாதிரி அந்தச் சத்தத்துக்குள்ள எங்க ரகசியமெல்லாம் பத்திரமா இருந்துச்சு. அந்த வியாழக்கெழமை பத்து மணிக்கு நான் எங்கூடத் தார் சுத்தற சிந்தாமணி காதுல, "அர்த்தநாரியண்ணன் தலையில இருக்கறது அவரு முடியே இல்லடீ, டோப்பா"ன்னு எப்பவும் போலக் கத்துனேன். கத்தி முடிக்கறதுக்குள்ள சத்தம் நின்னு போச்சு. டோப்பாங்கறது சந்தோட அந்தக் கடைசி வரைக்கும் போயித் திரும்பி வந்துச்சு.

அர்த்தநாரியண்ணன் யாருன்னு கேட்டா, இருவத்தி நாலு தறி போட்ட பெரிய பட்டறை அவரோடது, நாங்க குடியிருக்கற லைன் வீடும் அவரோடதுதான்.

நான் மட்டுமா? அந்த ஒரே நிமிசத்துல எட்டாவது ஊட்டுச் சின்ராசு அவன் பங்காளியப் பத்திச் சொன்னது, சிந்தாமணி மருமவ போன்ல அவ அம்மாகிட்டச் சொன்னது, மளிகைக்கடைக்காரரு சம்சாரம் யாரைப் பத்திச் சொன்னாங்கன்னு இன்னைக்கும் பிரச்சனையாக் கெடக்கற ஒரு சமாச்சாரம், எல்லாம் பட்டப்பகல்ல நடு வீதியில வந்து நின்னுச்சு. ஏழு குடும்பத்துக்குள்ள அன்னியோட பேச்சு நின்னு போச்சு.

அதோட விட்டிருந்தாப் பரவால்ல. எங்களுக்குச் சத்தம் நின்னா ஒரே அர்த்தந்தான், கரண்டு போயிருச்சு. பொறந்ததுல இருந்து அப்பிடியே பழகிப் போச்சு. சத்தம் நின்னதும் கண்ணைக்கூடத் தூக்கிப் பாக்காம, அறுந்த இழையக் கட்டறதுக்குக் கையை உள்ள விடுவோம். தறிக்காரன் பொன்னுரங்கம் அப்பிடித்தான் விட்டான். தறி ஓடிக்கிட்டு இருந்துச்சு. நாடா வந்து அடிச்சதுல வலது கையில ரெண்டு வெரலு முறிஞ்சு போச்சு. அவன் போட்ட கூப்பாடு இருக்குதே, தறிச் சத்தம் இருந்திருந்தா அடுத்த தறிக்காரனுக்குக்கூடக் கேட்டிருக்காது. அன்னிக்கு ஊருக்கே கேட்டுச்சு.

கொஞ்ச நேரத்துல சத்தம் தன்னால வந்துருச்சு. பொழுதோட மறுபடியும் போச்சு. அடுத்த நாள் நாலு தடவை.

சந்தேகம்னா அப்பிடி ஒரு சந்தேகத்தை நான் கண்டதில்ல. பக்கத்துச் சந்துக்காரன் செஞ்சு வெச்சுட்டான்னு ஒருத்தன் சொன்னான். சத்தமில்லாத தறி விக்கறதுக்கு எவனோ கம்பெனிக்காரன் ஒளிஞ்சிருந்து சோதனை பண்றான்னு இன்னொருத்தன் சொன்னான். சாயத்தண்ணி குடிச்சுக் குடிச்சு எங்க காதுதான் போச்சுன்னு மளிகைக்கடைக்காரரு சொன்னாரு. காது போயிருந்தா அணில் எப்பிடிங்க கேக்கும்? பேசுறதுக்கே பயந்துக்கிட்டு, ஒருத்தர் வாயை ஒருத்தர் பாத்துக்கிட்டு, சந்துல எல்லாரும் கிசுகிசுன்னு பேசிப் பழகுனோம். கிசுகிசுன்னு பேசுனா நம்மளைப் பத்தித்தான் பேசுறாங்கன்னு தோணுது பாருங்க. கத்திக்கிட்டுக் கெடந்த வரைக்கும் எங்க சந்துல இத்தனை சண்டை இல்ல.

ஆனா பொழப்பு நிக்குமா? ரெண்டு வாரத்துல பழகிக்கிட்டோம். இழை அறுந்தா, தாரு தீந்தா, தறிச் சத்தம் மாறும். ஒரு ஆளு ஆறு தறியைப் பாத்துக்கறது அந்தக் காதை வெச்சுத்தான். அந்தக் காது உதவாம, ஓட்டை விழுந்த துணி கட்டுக்கட்டாத் திரும்பி வந்துச்சு. அதனால ஒவ்வொரு தறியிலயும் ஆடற கட்டையில ஒரு செவப்புத் துணியக் கட்டி விட்டோம், துணி ஆடுனா தறி ஓடுதுன்னு அர்த்தம். தறிக்காரங்க ஒரு கையைத் தறிச் சட்டத்து மேல வெச்சு, அதிர்வைத் தடவிப் பாத்தே இழை அறுந்ததைக் கண்டுபுடிச்சாங்க. நோய்க்காரன் நாடியப் புடிக்கறாப்ல. வெளியூர்ல இருந்து பொண்ணு பாக்க வந்தவங்க, ஓடற தறி சத்தமில்லாம ஓடறதைப் பாத்துட்டு, "நல்ல தறியா வாங்கிப் போட்டிருக்கறீங்க"ன்னு காப்பியக் குடிச்சுட்டுப் போனாங்க.

சத்தம் நின்ன அன்னிக்கு இன்னொண்ணும் நின்னுச்சு. அதை யாரும் கவனிக்கல, நான் கவனிச்சேன். தேசிகா அழுகறது நின்னுச்சு.

தேசிகா எங்க அடுத்த ஊட்டு வசந்தாமணியோட மவ. ஏழு வயசு. வசந்தாமணி அர்த்தநாரியண்ணன் பட்டறையில ஆறு தறி ஓட்டறா. அவ ஊட்டுக்காரன் போர்வெல் போடற ரிக் வண்டியில வடக்கே போனா எட்டு மாசங்கழிச்சுத்தான் வருவான். இந்தப் புள்ள பொறந்ததுல இருந்து அழுத புள்ளைங்க. துணி போட்டா அழுகும், பின்கழுத்துல இருக்கற லேபிளு கடிக்குதுங்கும், தலைக்குத் தண்ணி ஊத்துனா கொலை பண்றாப்ல கத்தும், தக்காளி சோத்துல தக்காளித் தோல் வாயில பட்டா தட்டை வீசி எறியும், யாராச்சும் பின்னால இருந்து தொட்டா திரும்பிக் கடிக்கும். பள்ளிக்கோடத்துல பெல்லு அடிச்சப்ப மெடில்டா டீச்சரு இவ கையைப் புடிச்சு வரிசையில நிறுத்தப் போக, டீச்சரு கையக் கடிச்சு வெச்சுட்டா. ஒரு மாசம் பள்ளிக்கோடத்துப் பக்கம் வரவேண்டாம்னு அனுப்பிட்டாங்க. அது புதன்கெழமை. சத்தம் நின்னது வியாழக்கெழமை.

ராங்கின்னோம். அடங்காப்பிடாரின்னோம். அப்பன் ஊட்டுல இல்லாத புள்ள, ஆத்தா செல்லங் குடுத்துக் கெடுத்துட்டான்னு நானே வசந்தாமணி மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருக்கறேன்.

ஈரோட்டுல ஒரு டாக்டரம்மாகிட்ட அவ புள்ளயக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து எனக்கு விளக்குனா. "பாவு நூலுல மூவாயிரம் இழை இருக்குதுல்லக்கா? அச்சுச் சீப்புல ஒவ்வொண்ணாக் கோத்து விட்டாத்தான தனித்தனியா வரும்? இவளுக்கு அந்த அச்சு சரியில்லாத மாதிரியாமா. சத்தம், வெளிச்சம், துணி, வாசம், எல்லாம் ஒட்டுக்கா மேல விழுகுதாமா. தாங்க முடியாமத்தான் கடிக்கறாளாமா. வேணும்னு பண்ணலியாமா."

"மருந்து என்ன குடுத்தாங்க?"ன்னேன்.

"மருந்து இல்லக்கா. லேபிளை வெட்டிட்டுப் போடச் சொன்னாங்க. இறுக்கமாக் கட்டிப் புடிச்சுக்கச் சொன்னாங்க. சத்தத்துல இருந்து கொஞ்சம் தள்ளி வெக்கச் சொன்னாங்க."

மருந்தில்லாத வியாதி என்ன வியாதிங்க? கடிக்கறவளைக் கட்டிப் புடிக்கச் சொல்றதுக்கு ஒரு டாக்டரா? நான் நம்பல. அன்னிக்கு நம்பல.

மூணாவது வாரம் திங்கக்கெழமைதான் நான் கண்டுபுடிச்சேன். வசந்தாமணி ஊட்டு வாசல்ல தேசிகா குந்திக்கிட்டு, ரெண்டு காதையும் ரெண்டு உள்ளங்கையால பொத்திக்கிட்டு இருந்தா. சந்துல சத்தம் இல்ல. மூக்கு அரிச்சுதோ என்னமோ, ஒரு கையை எடுத்துச் சொறிஞ்சா. அர்த்தநாரியண்ணன் பட்டறைச் சத்தம் பாதியா வந்துச்சு. கையை மறுபடியும் வெச்சா. போச்சு. சரி, ஒரு தடவை பாத்ததை நம்பிருவேனா நானு? உள்ள போயி ரெண்டு கடலை மிட்டாயி எடுத்தாந்து, "இந்தா சாமி, ரெண்டு கையிலயும் வாங்கிக்கோ"ன்னேன். அவ என்னைப் பாத்தா, மிட்டாயைப் பாத்தா, ரெண்டு கையையும் நீட்டுனா. நூத்திப் பன்னெண்டு தறியும் என்ற தலையில விழுந்துச்சு. புள்ள மூஞ்சி சுருங்கி, கண்ணு ரெண்டும் பிதுங்கி, மிட்டாயத் தூக்கி வீசிட்டு ஒரு கத்துக் கத்துனா பாருங்க. மறுபடி பொத்திக்கிட்டா. அணில் சத்தம் கேட்டுச்சு.

அவ காதைப் பொத்துனா எங்க காதுக்குச் சத்தம் வரல. அவ்வளவுதான் சமாச்சாரம். ஏன், எப்பிடின்னு எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிஞ்சதை நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கோணும். இருக்கலியே! பொன்னுரங்கம் கையில கட்டோட என்ற முன்னால வந்து நின்னு, "அக்கா, என்னிக்கு நான் தறிக்குப் போவேன்?"னு கேட்டப்ப வாயை விட்டுட்டேன். அவன் பாவம்னு சொன்னேனா, கண்டுபுடிச்சவ நான்தான்னு காட்டிக்கச் சொன்னேனான்னு கேக்காதீங்க.

செவ்வாக்கெழமை மத்தியானம் மாரியம்மன் கோயில் முன்னால சந்தே கூடுச்சு. வசந்தாமணி புள்ளயோட நின்னா. தேசிகா காதைப் பொத்திக்கிட்டு இருந்ததால எல்லாரும் பேசுனது எல்லாருக்கும் நல்லாவே கேட்டுச்சு.

"ஏம்மா வசந்தாமணி, உன்ற புள்ளயால ஒருத்தன் கை போச்சு. துணி பூரா திரும்பி வருது. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு"ன்னாரு அர்த்தநாரியண்ணன்.

"வேணும்னு பண்ணலீங்க. அவளுக்கு எல்லாமே அதிகமாத் தெரியுதுங்க. டாக்டரம்மா சொன்னாங்க..."

"சொல்லுவாங்க. அவிய இந்தச் சந்துலயா குடியிருக்கறாங்க?"

"ரெண்டு அறை விட்டா எல்லாம் சரியாப் போயிரும்"னு பொன்னுரங்கம் சொன்னான்.

வசந்தாமணி அவனை நிமுந்து பாத்தா. "நான் விடாத அறையாங்ண்ணா?"ன்னா. சொல்லிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.

கடைசியில ரெண்டு முடிவு பண்ணுனாங்க. தறி ஓடற நேரமெல்லாம் புள்ள கையைக் கட்டி வெக்கோணும். அப்பிடியும் சத்தம் நின்னுச்சுன்னா, வெள்ளிக்கெழமைக்குள்ள வெளி மாவட்டத்துல இந்த மாதிரிப் புள்ளைங்களை வெச்சுப் பாத்துக்கற இல்லத்துல கொண்டு போயி விட்டுரோணும், இல்லீனா ஊட்டைக் காலி பண்ணோணும். வசந்தாமணி அர்த்தநாரியண்ணன் கால்ல விழுந்தா. "இல்லத்துக்கு மட்டும் வேண்டாமுங்க. அங்க யாருங்க லேபிளை வெட்டிப் போடுவாங்க? யாருங்க இவளைக் கட்டிப் புடிச்சுத் தூங்க வெப்பாங்க? செத்துருவாளுங்க"ன்னு அழுதா. "அப்ப கட்டு"ன்னாங்க. பெத்தவளுக்குக் கட்டறதுக்குக் கை வரல. நான் கட்டறேன்னு முன்னால போனேன். வேற எவனாச்சும் தார்நூல்ல கட்டிக் கையை அறுத்து வெப்பான், நான் கட்டுனா மெதுவாக் கட்டுவேன்னு நெனச்சேன். அப்பிடித்தான் நெனச்சேன்னு இத்தனை நாளாச் சொல்லிக்கிட்டு வர்றேன்.

புதன்கெழமை வெடியால பதினோரு மணிக்கு, நைஞ்ச பழைய வேட்டியக் கிழிச்சு, வசந்தாமணி பட்டறைக்குப் போனதுக்கப்புறம், அவ ஊட்டுக்குள்ள போயி தேசிகாவை மடியில உக்கார வெச்சேன். கதவாண்ட சிந்தாமணியும் பொன்னுரங்கமும் இன்னும் நாலஞ்சு பேரும் வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னாங்க. புள்ள முரண்டு பண்ணும்னு நெனச்சேன். பண்ணல. "இறுக்கமாக் கட்டுங்க பெரிம்மா. லூசா இருந்தா துணி ஊருது"ன்னா. இறுக்கமாக் கட்டுனேன்.

முதல்ல சத்தம் வந்துச்சு. அது நாங்க பழகுன சத்தம் இல்ல. மூணு வாரமா அந்தப் புள்ள உள்ள வாங்கி வெச்சிருந்த சத்தம் பூரா ஒட்டுக்கா வந்துச்சு, ஒவ்வொரு தறியும் தனித்தனியா வந்துச்சு, நூத்திப் பன்னெண்டையும் என்னால எண்ண முடிஞ்சுச்சு, எதையும் தள்ளி வெக்க முடியல, அதுக்கு மேல டியூப்லைட்டு இரையறது வந்துச்சு, எவ ஊட்டுலயோ தாளிக்கற கடுகு ஒவ்வொண்ணும் என்ற காதுக்குள்ள வெடிச்சுச்சு, அப்புறம் சத்தம் மட்டுமில்ல, என்ற ரவிக்கைத் தையல் முதுகுல கம்பி வெச்சு இழுக்கறாப்ல அறுத்துச்சு, கண்ணாடி வளவி கையில ஐஸாட்டம் எரிஞ்சுச்சு, பாவுக் கஞ்சி வாசமும் சாக்கடை வாசமும் என்ற தலையில வெச்சிருந்த கனகாம்பரமும் (கனகாம்பரத்துக்கு வாசமே இல்லைங்க, அன்னிக்கு இருந்துச்சு) தொண்டைக்குள்ள எறங்கி அடைச்சுக்கிச்சு, வாசல் வெயிலு கண்ணுக்குள்ள குத்துச்சு, கண்ணை மூடுனா இமை உரசறது வலிச்சுச்சு. எதைத் தடுக்கறது, எதை விடறது? எல்லாமே நான் நான்னு முன்னால வந்து நின்னுச்சு.

சந்தே அப்பிடி ஆச்சு, வாசல் வழியாக் கண்ணுல பட்டது பாதி, பின்னால கிழிசலையும் கடித்தடத்தையும் வெச்சு நானாக் கண்டுபுடிச்சது மீதி. பொன்னுரங்கம் செவுத்துல தலையை முட்டிக்கிட்டான். சிந்தாமணி சேலையை அவுத்து வீதியில எறிஞ்சுட்டுப் பாவாடையோட உக்காந்து கத்துனா. மளிகைக்கடைக்காரரு, தொட்டுத் தூக்க வந்த சம்சாரத்தைக் கையில கடிச்சாரு. சின்ராசு கட்டிலுக்கு அடியில பூந்தவன் வரமாட்டேன்னுட்டான். அர்த்தநாரியண்ணன், அறுவது வயசு மனுசன், கோயில் கமிட்டித் தலைவரு, வெள்ளைச் சட்டையை ரெண்டாக் கிழிச்சு, தலையில இருந்த டோப்பாவைப் புடுங்கி எறிஞ்சு, வழுக்கைத் தலையோட பட்டறை வாசல்ல உருண்டு உருண்டு அழுதாரு. ஒருத்தரும் சிரிக்கல. எல்லாம் கடிச்சோம், வீசுனோம், பொறண்டோம். எல்லாம் ராங்கி பண்ணுனோம்.

கால் மணி நேரம் அப்பிடி இருந்துச்சு. அப்புறம் சட்டுன்னு எல்லாம் நின்னு போச்சு. தறி ஓடுது, சத்தமில்ல. செவப்புத் துணியெல்லாம் ஆடிக்கிட்டிருக்குது. அவனவன் கிழிஞ்ச துணியோட எந்திரிச்சு, யாரையும் பாக்காம, அவனவன் ஊட்டுக்குள்ள போயிட்டான். வசந்தாமணி பட்டறையில இருந்து ஓடி வந்து பாத்தப்ப, தேசிகா கட்டெல்லாம் அவுந்து, காதைப் பொத்திக்கிட்டு மூலையில குந்தியிருந்தா. பக்கத்துல நான், கையில வேட்டிக் கிழிசலோட.

வெள்ளிக்கெழமை வந்துச்சு. யாரும் யாரையும் எங்கயும் போகச் சொல்லல. கோயில் முன்னாடி யாரும் கூடவும் இல்ல.

அதுக்கப்புறம் எங்க சந்து கொஞ்சம் மாறிப் போச்சுங்க. அர்த்தநாரியண்ணன் ஆளை விட்டு, சந்துக் கோடியில தறி இல்லாத பக்கம் இருந்த பஞ்சு குடோனை வெள்ளையடிச்சு வசந்தாமணிக்குக் குடித்தனத்துக்குக் குடுத்தாரு. கேட்டா, "குடோன் சும்மாத்தான கெடக்குது"ன்னாரு. பன்னெண்டு மணியில இருந்து ஒரு மணி வரைக்கும் எல்லாரும் மெயினை அணைச்சிருவோம். கேட்டா, மோட்டார் ஆறோணும்பாங்க. பள்ளிக்கோடத்துல பெல்லை எடுத்துட்டுப் பச்சைக் கொடி காட்டறாங்க. தேசிகா மறுபடியும் போறா. அந்தப் புதன்கெழமை பதினோரு மணிக்கு மெடில்டா டீச்சரு புள்ளையோட பையையும் நோட்டையும் குடுத்துட்டுப் போக எங்க சந்துக்கு வந்திருந்தாங்கன்னு பின்னாலதான் எனக்குத் தெரிஞ்சுச்சு. எங்க சந்து டெய்லரு இப்பவெல்லாம் புள்ளைங்களுக்குத் தைக்கற சட்டையில தையலை வெளிப்பக்கம் வெச்சுத் தைக்கறான், வெளியூர்க்காரங்க, என்னய்யா எல்லாப் புள்ளைங்களும் சட்டையத் திருப்பிப் போட்டிருக்குதுன்னு சிரிக்கறாங்க. இன்னும் சில நாள் சத்தம் நிக்கத்தான் செய்யுது. நின்னா, தறிக்காரங்க கையைச் சட்டத்து மேல வெச்சுக்கிட்டு வேலையைப் பாக்கறாங்க. பொன்னுரங்கம் வெரலு கொஞ்சம் கோணலாக் கூடிருச்சு, ஆனா ஆறு தறி ஓட்டறான்.

ஆனா அந்தக் கால் மணி நேரத்தைப் பத்தி ஒருத்தரும் பேசறதில்ல. என்ன நடந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க, "ஷாக் அடிச்சுருச்சு, எர்த்து லீக்"கும்பாங்க. எனக்கு நெனவில்லைன்னு சிந்தாமணி சாதிக்கறா. நான் நம்பறதில்ல. அவ ரவிக்கைத் தையலை இப்பவும் வெளிப்பக்கமாத்தான் போட்டிருக்கறா, முந்தானைய இழுத்து மூடிக்கறா, எனக்குத் தெரியாதாக்கும்.

சந்துல எனக்கு நல்ல பேரு. ருக்குமணியக்காதான் மனசு பொறுக்காம ஓடிப்போயிக் கட்டை அவுத்து விட்டுச்சு, இல்லீனா எல்லாரும் பைத்தியமாப் போயிருப்போம்னு சொல்றாங்க. வசந்தாமணி இன்னமும் நல்ல நாள்னா எனக்கு ஒரு கிண்ணம் பாயசம் கொண்டாந்து குடுக்கறா. "நீங்க இல்லீனா என்ற புள்ள என்ன ஆயிருக்கும்க்கா"ங்கறா. நானும் வாங்கிக் குடிக்கறேன்.

உங்ககிட்டச் சொல்றேன், நீங்க வெளியூரு.

அந்தக் கால் மணி நேரம் நான் தரையில பொறண்டுக்கிட்டுக் கெடந்தப்ப, ஒரு தடவை கண்ணைத் தொறந்தேன். தேசிகா என்ற மடியில இருந்து எறங்குன எடத்துலயே உக்காந்திருந்தா. தோளு ரெண்டும் எறங்கி, மூஞ்சி அப்பிடியே தெளிஞ்சு, முன்னால வெச்சிருந்த தட்டுல ஆத்தா பண்ணி வெச்சுட்டுப் போன தக்காளி சோத்தைக் கட்டுன கையோடயே அள்ளி, தக்காளித் தோலோட, தின்னுக்கிட்டு இருந்தா. அவகிட்ட இருந்ததெல்லாம் எங்ககிட்ட வந்துருச்சு, அவளுக்கு அப்ப ஒண்ணுமே இல்ல. பொறந்ததுல இருந்து முதல் தடவையா அந்தப் புள்ள சும்மா இருந்துச்சு. ஏழு வயசுப் புள்ளைக்கு உண்டான மூஞ்சி அது. அதுக்கு முன்னால அந்த மூஞ்சியை நான் பாத்ததே இல்ல.

நாப்பது பேரு இருந்தோம் சந்துல. ஆளுக்குக் கொஞ்சமா, நாங்களே வெச்சுக்கிட்டு இருந்திருக்கலாம்.

அவ என்னைப் பாத்தா. சோத்தை வெச்சுட்டு, தரையில தவழ்ந்தாப்ல பக்கத்துல வந்து, என்ற மேல படாம நின்னு, எட்டிப் பாத்தா. "வலிக்குதுங்களா பெரிம்மா?"ன்னா. நான் தலையை ஆட்டுனேன். அவ கொஞ்சம் யோசிச்சா. அந்தத் தட்டைத் திரும்பி ஒருக்காப் பாத்தா. அப்புறம் கட்டுன கை ரெண்டையும் என்ற பக்கம் நீட்டிக்கிட்டு, "அவுத்து விடுங்க பெரிம்மா, நான் வெச்சுக்கறேன். எனக்குப் பழக்கந்தான"ன்னா.

நான் அவுத்து விட்டேன்.